நான்காம் நாள் விருந்தாளி

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனால், நமது வாழ்க்கை முறையை அறியும் பொருட்டு அயல்நாட்டிலிருந்து குழுவாக வந்து, வீட்டுக்கு ஒருவராகத் தங்கும் மாணவர் வாரக்கணக்கில் நம்மோடு இருக்கின்றனர். நான்காம் நாள் அவர்கள் யார்? விருந்தாளிகளா, வீட்டுப் பிள்ளைகளா? இவ்வினாவின் விடையிலேதான் அவர்களது பயணத்தின் பயன் தங்கியிருக்கிறது.

1932ஆம் ஆண்டிலே டொனால்ட் வாட் என்னும் அமெரிக்கர் ஒரு மாணவர் குழுவை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்று, பிற நாட்டு இளைஞரோடு முகாமிலே தங்கவைத்தார். கூட்டமாகத் தங்குவோர் தம் கூட்டத்தை விட்டு எளிதில் விலகார் அன்றோ? அடுத்து வந்த பயணங்களில் அவர் மாணவரைக் குடும்பங்களோடு வாழவைத்தார். நம் நாட்டிலும் 1982இல் தொடங்கிய ஒரு திட்டத்தின் வழியே அமெரிக்கக் கல்லூரி மாணவர் கண்டிப் பகுதி வீடுகளில் தங்கிப் பயின்றனர்.

அத்தகைய மாணவன் ஒருவன், கிழக்கே கடலும் மேற்கே வாவியும் சூழ்ந்த ஆரையம்பதிக்கு வருவதாக எண்ணிப் பார்ப்போம். வீட்டுத் தலைவி அவனுக்கென மிளகாய் குறைத்துக் கறி சமைக்கிறாள். கதிரையும் கரண்டியும் தேடி எடுக்கிறாள். அவன் உண்ணுகையில் வீட்டார் யாவரும் சுற்றி நின்று பார்க்கின்றனர். உபசாரத்தில் யாதொரு குறையுமில்லை. எனினும் அவன் மனமோ அடுத்த தெருவில் தங்கியிருக்கும் தன் தோழனிடமே ஓடுகிறது!

நான்காம் நாள் அவள், "மனே, இந்தத் தேங்காயைத் திருவித் தா" என்று திருவலையை நீட்டட்டும். விருந்தாளியிடம் வேலை வாங்குவது இழுக்கு என்று அவள் உள்ளம் தயங்கலாம். ஆயினும், பாதித் தேங்காய் வீணாகி, பார்த்தோரெல்லாம் சிரித்து, அவனும் சேர்ந்து சிரிக்கும் அக்கணமே அவன் அவ்வீட்டவனாகிறான். பின்பு பாயில் அமர்ந்து, கையாலே பிட்டைக் குழைத்து உண்ண அவனுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை, பார்த்தே பழகிக்கொள்வான்.

புதியவரை வீட்டவராக்கும் கலை மட்டக்களப்பு மக்களுக்குப் புதிதன்று. இங்கே வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்வது நெடுநாள் வழக்கம். மணமகனே பெண் வீட்டுக்கு வந்து வாழ்கிறான். ஆகவே, இன்று அதிகாரத்தோடு திண்ணையில் அமர்ந்திருக்கும் தந்தையர் பலரும் ஒரு காலத்தில் கூச்சத்தோடு அவ்வீட்டு வாயிலில் நின்ற புதியவரே. வந்த பிள்ளையின் தனிமையை அவர்களைக் காட்டிலும் அறிந்தவர் யார்? ஒரு மாலை அவனை வாவிக் கரைக்கு அழைத்துச் சென்று, தம் பழைய கதையை அவர்கள் கூறலாமே!

மட்டக்களப்புக்குப் போனவரைப் பாயோடு ஒட்டவைத்து விடுவார்கள் என்று பிற ஊரார் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. மந்திரம் என்று அவர்கள் நினைப்பது வேறொன்றுமன்று. வந்தவனையும் தம்மில் ஒருவனாக எண்ணி ஒரு வேலையைக் கையிற் கொடுக்கும் அன்பேயாகும்.