வயலுக்கு அடியில ஒரு டிரெய்னேஜ்!

ராமநாதபுரம்னு சொன்னதும் 'தண்ணியில்லாக் காடு'ன்னுதானே சொல்வீங்க? அங்கே போய் வயல் தண்ணியை வெளியேத்த பூமிக்கு அடியில பைப் பதிக்கலாமான்னு கேட்டா, 'கிறுக்கா உனக்கு?'ன்னு தோணும். கொஞ்சம் பொறுங்க பாஸ்!

இந்த மாவட்டத்தில் மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். களிமண் நிலத்தில் அந்தத் தண்ணீர் சட்டென்று வடியாது. நெல் தாக்குப்பிடிக்கும். ஆனால், 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம முண்டு மிளகாய் தாங்காது. வேர் மூச்சுமுட்டி அழுகிடும்.

மழை போனதும் அடுத்த வில்லன் என்ட்ரி... உப்பு! கடலோரத்தில் பல இடங்களில் நிலத்தடி நீரே உப்பு. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல அது மண்ணுக்குள் மேலே ஏறும். வெயிலில் தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் வயலில் தங்கிவிடும். நல்ல தண்ணீர் விட்டுக் கழுவலாமே என்கிறீர்களா? கழுவலாம். கழுவின தண்ணி எங்கே போகும்? அதுக்குத்தான் பைப்.

இதற்கு 'டைல் டிரெய்னேஜ்' என்று பெயர். ஆரம்பத்தில் சுட்ட களிமண் குழாய்களைப் பதித்ததால் வந்த பெயர். இப்போது துளை போட்ட, நெளிநெளியான பிளாஸ்டிக் குழாய்கள்தான். மண் அடைக்காமல் இருக்க மேலே ஒரு துணி உறை. 1969-ல் தொடங்கப்பட்ட கர்னால் மத்திய மண் உவர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் இந்த முறையை ஹரியானாவின் உவர் நிலங்களில் செய்து காட்டியது. பக்கத்துக் கேரளாவில், குட்டநாட்டின் புளிப்பு மண்ணிலும் சோதனை நடந்திருக்கிறது.

சரி, நம்ம ஊர்ல எப்படி பிளான் பண்றது? முதலில் மண் பரிசோதனை. வெறும் உப்பா, களரா என்று தெரிய வேண்டும். களர் என்றால் ஜிப்சம் போடாமல் பைப் மட்டும் பதித்துப் பயனில்லை. அடுத்து, நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போகிற மாதிரி ஒரு குழி துளைத்து, தண்ணீரை இறைத்துவிட்டு, அது எவ்வளவு வேகத்தில் மறுபடி ஊறுகிறது என்று வாட்ச்சை வைத்துப் பார்க்கணும். மணல் என்றால் சீக்கிரம் ஊறும், பைப்புகளைத் தள்ளித் தள்ளிப் போடலாம். களி என்றால் நெருக்கமாகப் போடணும், செலவும் எகிறும்.

இப்பதான் மெயின் பிக்சர். ஒரு சின்னக் கணக்கு போடுங்க. வயல் சமதளம், கடல் மட்டத்தைவிட 1 மீட்டர் உயரம். கிளைக் குழாய் 1 மீட்டர் ஆழத்தில் தொடங்குகிறது. 100 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் சரிவு. கிளைக் குழாய் 200 மீட்டர், பிரதானக் குழாய் 300 மீட்டர். கடைசியில் ஆழம் 1.5 மீட்டர். அதாவது, குழாயின் வாய் கடல் மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே! தண்ணீர் தானாக எப்படிப் போகும்? தொட்டி கட்டி பம்ப் வைக்கணும். அந்த கரன்ட் பில்லை யார் கட்டுவது?

அதனால்தான் இந்த பிளானை வயலில் அல்ல, தண்ணீர் வெளியேறும் இடத்தில் தொடங்கணும். பைப் பக்கத்து வயலைத் தாண்டித்தான் போகும் என்பதால் ஊரே கூடிப் பேசணும். ஹரியானாவில் விவசாயிகளே சங்கம் அமைத்ததும் இதற்காகத்தான். வடிகிற தண்ணீரில் உப்பு மட்டுமில்லை, உரமும் இருக்கும். எதிரே 1986-ல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா! பவளப்பாறை மேல கொட்டிட முடியாது. ஊருணியிலும் விட முடியாது. இன்னொன்று, மழைக்குப் பிறகு குழாய் வாயை மூட ஒரு கதவும் வேணும். இல்லைன்னா தை மாசத்துக்குத் தேவையான ஈரமும் ஓடிப்போயிடும்.

ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுற சிவில், அக்ரி நண்பர்களே... ராமநாதபுரத்திலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஒரு லெவல் கருவி, மண் துளைக்கும் ஆகர், ரெண்டு ஃப்ரெண்ட்ஸ் போதும். முதலில் கிராமத்தின் கடைசி மடையிலிருந்து கடல் வரைக்கும் லெவல் எடுத்துப் பாருங்க. பைப் போடலாமா, வாய்க்காலைத் தூர்வாரினாலே போதுமா என்பதை அந்த நம்பர்களே சொல்லிடும்!