சிறு காயமும் நஷ்டஈடும்

சாலை விபத்தில் சிறு காயமுற்றவருக்கும் நஷ்டஈடு கோரும் உரிமை உண்டு. நம் அங்கத்தினர் பலர் இதை அறியார். விரற்சுளுக்கு மற்றவர்க்குச் சிறு காயமே. நெசவாளிக்கோ அதனால் தறி நின்றுவிடும்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவு, கொடுங்காயத்திற்கு 2,50,000 ரூபாய் என வரையறுக்கிறது. எவர் பிழையென நிரூபிக்க வேண்டுவதில்லை. சிறு காயத்திற்கு அவ்வாறு தொகை குறிக்கப்படவில்லை. 166ஆம் பிரிவின்படி தீர்ப்பாயத்தில் மனுச் செய்து, வண்டியோட்டியின் கவனக்குறைவையும் தமக்குற்ற நஷ்டத்தையும் மெய்ப்பித்தல் வேண்டும். மருத்துவச் செலவு, போக்குவரத்துச் செலவு, இழந்த வருமானம், பட்ட வேதனை ஆகியவை கணக்கிற் கொள்ளப்படும்.

ஆதலின் ஆதாரங்களே முக்கியம்:

1. வண்டியின் எண்ணைக் குறித்துக்கொண்டு, தாமதமின்றிப் போலீசில் புகார் செய்து, முதல் தகவல் அறிக்கையின் நகலைப் பெறுக.

2. அன்றே மருத்துவரிடம் காட்டி, காயம் விபத்தால் நேர்ந்ததெனப் பதியச் செய்க. எலும்பு முறிவு கொடுங்காயமாகக் கருதப்படுவதால், ஐயமிருப்பின் எக்ஸ்ரே எடுத்துக்கொள்க.

3. மருந்துக் கடை ரசீது முதல் அனைத்தையும் பத்திரப்படுத்துக.

4. நமக்குச் சம்பளச் சான்று இல்லை. ஆயினும் விபத்துக்கு முன்னும் பின்னும் பெற்ற கூலியை, அல்லது சங்கத்திற்கு வழங்கிய விளைபொருளை, சங்கக் கணக்கு காட்டும். காரியதரிசியிடம் அதன் நகலைச் சான்றொப்பத்துடன் பெறுக.

விபத்து வெளியூரில் நேர்ந்திருப்பினும், தாம் வசிக்கும் எல்லைக்குரிய தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யலாம். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இதற்கு ஆறு மாதத் தவணை விதித்துள்ளது, காலந்தாழ்த்துதல் கூடாது. சாலையோரத்திற் கிடைக்கும் சில நூறு ரூபாய்க்காகப் படித்துப் பாராத காகிதத்தில் கையொப்பமிடுதலோ அதனினும் கூடாது.