வயிற்றில் பிள்ளை, மனதில் பாரம்

"பிள்ளை வயித்திலை துடிக்கேக்கை சந்தோசமாயிருக்கு மிஸ். கொஞ்ச நேரத்திலை அழுகை வருது. நான் கெட்ட தாயோ?"

இடம்பெயர்ந்த தாய்மார் சிலர் குடும்பநல உத்தியோகத்தரிடம் மட்டும் மெல்லச் சொல்லும் வார்த்தைகள் இவை. மாமியிடமோ கணவனிடமோ சொல்லத் துணிவதில்லை. "நல்ல காரியம் நடக்கேக்கை அழக்கூடாது" என்று வாயை அடைத்துவிடுவார்களோ என்ற பயம்.

விதைத்த வயல் பச்சை பிடித்து நிற்கும்போது கமக்காரனுக்கு மகிழ்ச்சி உண்டு. மழை பொய்க்குமோ, வெள்ளம் வருமோ என்ற ஏக்கமும் உண்டு. அதற்காக அவனை நல்ல கமக்காரன் அல்லன் என்று எவரும் சொல்வதில்லை. தாயின் மனமும் அப்படித்தான். மகிழ்ச்சியும் பயமும் கவலையும் கோபமும் கலந்தே வரும். அது குற்றமன்று.

ஏன் இப்படி?

கர்ப்ப காலத்தில் உடலில் சில ஓமோன்களின் அளவு பெரிதும் கூடுகிறது. முதல் 3 மாதங்களில் சத்தியும் களைப்பும் வாட்டும். குருதிச்சோகை இருந்தால் சோர்வு இன்னும் அதிகம். இவற்றோடு இடப்பெயர்வின் கவலைகளும் சேர்கின்றன. சொந்த வளவும் கிணறும் இல்லை. பெற்ற தாய் வேறிடத்தில். வலி வந்தால் எங்கே போவது என்ற கேள்வி.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு நடந்த சனத்திரளிலும், 2009இல் வன்னியிலிருந்து வெளியேறியவர்களிலும் பிள்ளைத்தாய்ச்சிகள் இருந்தனர். அப்படியான நினைவுகள் அடுத்த பேற்றிலும் திரும்பி வரலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி, கர்ப்பிணிகள் 100 பேரில் ஏறத்தாழ 10 பேருக்கும், பிள்ளை பெற்றவர்கள் 100 பேரில் ஏறத்தாழ 13 பேருக்கும் உளநலப் பாதிப்பு, பெரும்பாலும் மனச்சோர்வு, ஏற்படுகிறது. ஆகவே இது உங்களுக்கு மட்டும் வந்ததன்று.

தாய் செய்யக்கூடியவை

1. நம்பிக்கையான ஒருவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். சொன்ன பாரம் பாதியாகும்.

2. இரவில் நித்திரை குறைந்தால் பகலில் சற்றுப் படுங்கள்.

3. திரிபோசாவைத் தவறாமல் உண்ணுங்கள். இரும்புச்சத்துக் குளிசையைத் தேநீருடன் விழுங்க வேண்டாம். தேநீர் அச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும்.

4. இடம் மாறினால் கர்ப்பகாலப் பதிவேட்டைக் கையோடு கொண்டுபோய், புதிய இடத்துக் குடும்பநல உத்தியோகத்தரிடம் உடனே பதியுங்கள்.

வீட்டார் செய்யக்கூடியவை

கணவன்மாரே, தண்ணீர் அள்ளுவதையும் விறகு சுமப்பதையும் நீங்கள் பொறுப்பெடுங்கள். கிளினிக்குக்குக் கூடப் போங்கள். அழுதால் அதட்டாமல் அருகில் இருந்து கேளுங்கள். மாமிமாரே, நீங்களும் ஒருகாலம் பயந்தவர்கள்தாம். அதை மருமகளிடம் சொல்லுங்கள். அவளுக்கு அது பெரிய ஆறுதல்.

எப்போது உதவி தேட வேண்டும்?

பேற்றின் பின் சில நாட்கள் வரும் அழுகை பொதுவாக 2 வாரங்களுக்குள் தானாகவே தணியும். கர்ப்பத்திலோ பேற்றின் பின்போ, துக்கமும் நித்திரையின்மையும் எதிலும் பற்றின்மையும் 2 வாரங்களுக்கு மேல் நீடித்தால், குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ சொல்லுங்கள். இது குணப்படுத்தக்கூடிய நோய். தன்னையோ பிள்ளையையோ மாய்க்கும் எண்ணம் வந்தால் ஒரு நாளும் பொறுக்க வேண்டாம். தாயைத் தனியே விடாது வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்திலும் பேசலாம்.

அடுத்த கொட்டிலில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி இருந்தால், இன்று பின்னேரம் போய், "என்ன பிள்ளை, நித்திரை வருதோ?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை இருங்கள்.