‘பிளாடர்’ என்றால் எந்தப் பை?

“கால் பிளாடரை அகற்ற வேண்டும்” என்று மருத்துவர் கூறியதும், “பிளாடரை எடுத்துவிட்டால் சிறுநீர் எப்படிப் போகும்?” என்று குடும்பத்தினர் அஞ்சுவதுண்டு. அந்த அச்சத்திற்குக் காரணம் நோயன்று, சொல். நம் வயிற்றில் ‘பிளாடர்’ என்று பெயர் பெற்ற உறுப்புகள் இரண்டு உள்ளன.

சொல் பிறந்த கதை

‘பிளாடர்’ என்னும் ஆங்கிலச் சொல், ‘ஊது’ என்னும் பொருளுடைய மிகப் பழைய வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தது. ஊதினால் உப்பும் பை என்பதே அதன் அடிப்படைப் பொருள். ஜெர்மன் மொழியில் நீர்க்குமிழிக்கும் சிறுநீர்ப்பைக்கும் ‘பிளாஸ’ என்ற ஒரே சொல் வழங்குகிறது. முற்காலத்தில் ஐரோப்பாவில் பன்றியின் சிறுநீர்ப்பையை ஊதிப் பந்தாக்கி விளையாடினர். பின்னர் ரப்பர் பை வந்தபோதும் பெயர் மாறவில்லை. கால்பந்தின் உள்ளே இருக்கும் காற்றுப்பையை இன்றும் ‘பிளாடர்’ என்றே அழைக்கிறோம்.

ஆகவே, அச்சொல் வடிவத்தைக் குறிக்கிறதேயன்றி, உள்ளிருப்பது காற்றா, சிறுநீரா, பித்தமா என்பதைச் சொல்வதில்லை. தமிழ்ச் சொற்களில் அந்தக் குழப்பம் இல்லை. சிறுநீர்ப்பை, பித்தப்பை என்று உள்ளிருப்பதையும் சேர்த்தே கூறுகின்றன.

இரு பைகள், இரு பணிகள்

சிறுநீர்ப்பை அடிவயிற்றில் உள்ளது. சிறுநீரகங்களிலிருந்து இறங்கும் சிறுநீரைத் தேக்கி வைத்து வெளியேற்றுவது அதன் பணி. பெரியவர்களுக்குச் சுமார் 400 முதல் 500 மில்லிலிட்டர் வரை கொள்ளும்.

பித்தப்பை வலப்பக்க மேல்வயிற்றில், கல்லீரலின் அடியில் உள்ள சிறிய பை. ‘கால்’ என்பது இங்கே பித்தத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். நடக்கும் காலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். பித்தப்பை அதனைச் சேமித்து, கொழுப்புள்ள உணவு வரும்போது குடலுக்கு அனுப்புகிறது. எனவே பித்தப்பையை அகற்றினாலும் பித்தநீர் கல்லீரலிலிருந்து நேராகக் குடலுக்குச் செல்லும். சிறுநீர் கழிப்பதற்கும் இந்த அறுவை சிகிச்சைக்கும் தொடர்பில்லை.

அறிக்கையில் காணும் சொற்கள்

பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ‘கிஸ்டிஸ்’. மருத்துவச் சொற்களில் அது ‘சிஸ்ட்’ என்று வரும். ‘கோலே’ என்றால் பித்தம்.

• சிஸ்டைட்டிஸ்: சிறுநீர்ப்பை அழற்சி.
• கோலிசிஸ்டைட்டிஸ்: பித்தப்பை அழற்சி.
• சிஸ்டோஸ்கோபி: சிறுநீர்ப்பையின் உட்புறத்தைக் குழாய்க் கருவியால் பார்த்தல்.
• கோலிசிஸ்டெக்டமி: பித்தப்பையை அகற்றுதல்.
• சிஸ்டெக்டமி: சிறுநீர்ப்பையை அகற்றுதல். சூலகத்திலோ வேறிடத்திலோ தோன்றிய நீர்க்கட்டியை மட்டும் அகற்றுவதற்கும் இதே பெயர் உண்டு.

ஸ்கேன் அறிக்கையில் ‘யு.பி.’ என்றிருந்தால் சிறுநீர்ப்பை, ‘ஜி.பி.’ என்றிருந்தால் பித்தப்பை. ‘வெசிக்கல்’ என்ற லத்தீன் வழிச் சொல்லும் சிறுநீர்ப்பையையே சுட்டும். ‘சிஸ்ட்’ என்று தனியே எழுதப்பட்டிருந்தால், அது பெரும்பாலும் நீர் நிறைந்த கட்டியைக் குறிக்கும். அச்சொல்லுக்குப் புற்றுநோய் என்று பொருளன்று. எவ்வகைக் கட்டி என்பதை மருத்துவரே விளக்குவார்.

மருத்துவரிடம் கூறும்போது

“பிளாடரில் கல்” என்று மட்டும் கூறாமல், எந்தப் பை என்பதையும் சேர்த்துக் கூறுங்கள். பெயர் நினைவில் இல்லையெனில், வலிக்கும் இடத்தைக் கையால் காட்டினாலே போதும். பித்தப்பை வலி பொதுவாக வலப்பக்க மேல்வயிற்றில் தோன்றி, முதுகிற்கோ வலத் தோளுக்கோ பரவக்கூடும். சிறுநீர்ப்பைத் தொல்லையில் அடிவயிற்று வலி, எரிச்சல், அடிக்கடி சிறுநீர் கழிக்கும் உணர்வு ஆகியவை காணப்படும்.

சிறுநீர் அறவே வெளியேறாமை, வயிற்று வலியுடன் காய்ச்சல் அல்லது மஞ்சள் காமாலை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். சிறுநீரில் ஒருமுறை இரத்தம் தென்பட்டாலும், வலி இல்லாவிட்டாலும், மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

அறுவை சிகிச்சைக்கான ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடும் முன், “எந்த உறுப்பு, அதன் தமிழ்ப் பெயர் என்ன, அது இல்லாமல் உடல் எவ்வாறு இயங்கும்?” என்று கேளுங்கள். விளங்கும்வரை கேட்பது உங்கள் உரிமை.