மூன்றாம் மாதத்தில் நின்றுபோகும் வலிமை

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்தவர்கள், இடுப்பெலும்பு முறிவிலிருந்து மீள்பவர்கள், நீண்ட காலம் படுக்கையில் இருந்து தசை மெலிந்தவர்கள், சர்க்கரை நோய்க்காக எடைப் பயிற்சி பரிந்துரைக்கப்பட்டவர்கள் எனப் பலர் எங்கள் இயன்முறை மருத்துவப் பிரிவுக்கு வருகின்றனர். முதல் இரண்டு மாதங்களில் அவர்கள் முகத்தில் மகிழ்ச்சியைக் காண்கிறோம். அரைக் கிலோ மணல் பையைக் காலில் கட்டித் தூக்க முடியாதவர் ஒரு கிலோ தூக்குகிறார். பின்னர் இரண்டு கிலோ தூக்குகிறார். மூன்றாம் மாதம் வரும்போது, "போன மாசமும் ரெண்டு கிலோ, இந்த மாசமும் அதே ரெண்டு கிலோதான்; இனிமே இவ்வளவுதான் போலிருக்கு" என்ற சொல் வருகிறது. அடுத்த சில வாரங்களில் பலர் வருவதை நிறுத்திவிடுகின்றனர்.

இந்த நிறுத்தமே எங்களுக்குக் கவலை தருகிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நின்றுகொண்டே வேலை செய்பவருக்கு மீண்டும் ஒரு முழு ஷிப்டு நிற்கும் வலிமை வேண்டும். ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் செல்பவர் நிலையத்தின் நடைமேம்பாலப் படிகளை ஏற வேண்டும். பூவிருந்தவல்லியில் பேருந்து ஏறும் முதியவர் அதன் உயரமான முதல் படியில் ஒற்றைக் காலை ஊன்றி உடலைத் தூக்க வேண்டும். கழிப்பறையிலிருந்து பிறர் கை பிடிக்காமல் எழுவதும் இதே வலிமையைச் சார்ந்ததே. தேக்கம் வந்த இடத்தில் பயிற்சியைக் கைவிடுபவர் அந்த இடத்திலேயே நிற்பதில்லை. மெல்லக் கீழே இறங்குகிறார். எனவே தேக்கம் ஏன் வருகிறது, அதை எவ்வாறு கடப்பது என்பதை நோயாளிகளும் குடும்பத்தினரும் அறிந்திருப்பது நன்று.

தேக்கம் எதனால் வருகிறது?

பயிற்சியின் முதல் சில வாரங்களில் கூடும் வலிமையின் பெரும்பகுதி தசை பருத்ததால் வருவதன்று. நரம்புகள் கற்றுக்கொண்டதால் வருவது. எந்தத் தசையிழைகளை எப்போது ஒருங்கே இயக்க வேண்டும் என்பதை மூளையும் தண்டுவடமும் விரைவாகப் பழகிக்கொள்கின்றன. லேத் இயந்திரத்தில் புதிதாகச் சேர்ந்தவரின் கை முதல் மாதத்தில் வேகமாகத் தேர்ச்சி பெற்று, அதன் பின் மெதுவாக முன்னேறுவதைப் போன்றது இது.

நரம்பின் கற்றல் பெருமளவு முடிந்த பிறகு, மேற்கொண்டு வலிமை கூட வேண்டுமானால் தசையே வளர வேண்டும். தசை வளர்வதற்குக் காலமும் உணவும் உறக்கமும் தேவை. அத்துடன், ஏற்கெனவே பழகிய சுமையைத் தாண்டிய சிறு கூடுதல் சுமையும் தேவை. ஆகவே மூன்றாம் மாதத்தில் வேகம் குறைவது சிகிச்சை தோற்றதன் அறிகுறியன்று. எளிய பகுதி முடிந்து மெதுவான பகுதி தொடங்கியதையே அது பெரும்பாலும் காட்டுகிறது.

மருத்துவமனையில் பிறந்த முறை

எடைப் பயிற்சி உடற்பயிற்சிக் கூடத்து இளைஞர்களுக்கே உரியது என்று பலர் எண்ணுகின்றனர். இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் 'பத்து முறை வீதம் மூன்று சுற்று' என்னும் வழக்கத்தைப் பரவலாக்கியது ஒரு மருத்துவமனையின் அனுபவமே. இரண்டாம் உலகப் போரின்போது சிகாகோவின் கார்டினர் ராணுவ மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் தாமஸ் டெலார்ம், முழங்கால் காயமுற்ற வீரர்களுக்குப் படிப்படியாகக் கூடும் எடையைக் கொடுத்துத் தொடைத் தசையை மீட்டார். அதைப் பற்றிய அவருடைய கட்டுரை 1945-இல் வெளிவந்தது.

அவருடைய அடுத்த முடிவு இங்கே நமக்கு முக்கியமானது. தொடக்கத்தில் அவர் பத்து முறை வீதம் ஏழு முதல் பத்துச் சுற்றுகள் வரை செய்யச் சொன்னார். பின்னர் வாட்கின்ஸ் என்பவருடன் சேர்ந்து 1948-இல் எழுதியபோது, அதை மூன்று சுற்றுகளாகக் குறைத்தார். ஒருவரால் பத்து முறை மட்டுமே தூக்க முடிகிற எடையைக் கண்டறிந்து, முதல் சுற்றில் அதில் பாதி, இரண்டாம் சுற்றில் முக்கால், மூன்றாம் சுற்றில் முழு எடை என்பது அவர்கள் வகுத்த முறை. அதிகமாகச் செய்வதே நல்லது என்று கருதி, தேக்கம் வந்தவுடன் காலையும் மாலையும் பயிற்சி செய்பவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். சுமை சரியாக இருந்தால் சுற்றுகள் குறைவாக இருப்பினும் போதும்.

நேர்கோட்டில் ஏறாத வலிமை

வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கத்தைப் பலரும் அறிவர். 2014-இல் கிளாஸ்கோவில் நடந்த காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ எடைப் பிரிவில் அவர் ஸ்நாட்ச் முறையில் 149 கிலோவும், கிளீன் அண்ட் ஜெர்க் முறையில் 179 கிலோவும் தூக்கி, மொத்தம் 328 கிலோவுடன் தங்கம் வென்றார். நான்கு ஆண்டுகள் கழித்து 2018-இல் கோல்ட் கோஸ்ட்டில் மீண்டும் தங்கம் வென்றபோது அவர் தூக்கிய மொத்த எடை 317 கிலோ. தொடைத் தசைக் காயத்தின் வலியோடு அவர் அந்தப் போட்டியில் பங்கேற்றார்.

பயிற்சியையே தொழிலாகக் கொண்ட ஒரு வீரரின் எண்ணும் நான்கு ஆண்டுகளில் 11 கிலோ இறங்கியிருக்கிறது. வலிமை ஆண்டுக்கு ஆண்டு நேர்கோட்டில் ஏறுவதில்லை. காயம், ஓய்வு, வயது ஆகியவற்றுக்கேற்ப ஏறி இறங்குகிறது. ஒரு வாரத்தின் எண்ணைப் பார்த்து மனம் தளர வேண்டியதில்லை.

முதலில் காரணத்தைத் தேடுவோம்

இரண்டு அல்லது மூன்று வாரங்களாக முன்னேற்றம் இல்லையெனில், எடையைக் கூட்டுவதற்கு முன் கீழ்க்கண்டவற்றைச் சரிபார்க்கிறோம்.

உணவு: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2020 பரிந்துரைப்படி, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது ஏறத்தாழ 50 கிராம். முதியோருக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை என்று பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று 2013-இல் பரிந்துரைத்தது. ஒரு முட்டையிலும், ஒரு தம்ளர் பாலிலும் ஏறக்குறைய 6 கிராம் புரதமே உண்டு. காலையில் இட்லி, மதியம் ரசம் சோறு, இரவில் கஞ்சி என்று உண்பவருக்குத் தசை வளரப் போதிய பொருள் கிடைப்பதில்லை. சுண்டல், பருப்பு, தயிர், முட்டை, மீன் ஆகியவற்றை மூன்று வேளைகளுக்கும் பிரித்துச் சேர்த்துக்கொள்ளலாம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

உறக்கமும் ஓய்வும்: தசை வளர்வது பயிற்சியின்போது அன்று, அதற்குப் பின் வரும் ஓய்வின்போது. ஒரே தசைக்குத் தரும் இரு கடினப் பயிற்சிகளுக்கு இடையே ஒரு நாளேனும் இடைவெளி வேண்டும். இரவு ஷிப்டு மாறிமாறி வரும் தொழிலாளர்கள் இரவுப் பணி வாரத்தில் எடையைக் கூட்ட முயலாமல், இருப்பதைக் காத்துக்கொண்டாலே போதும்.

உடல்நலம்: இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, வைட்டமின் டி குறைபாடு, கட்டுப்படாத சர்க்கரை ஆகியவை தசையைச் சோர்வடையச் செய்யும். மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் உட்கொள்வோருக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும். நெடுநாள் ஸ்டீராய்டு மருந்தும் தசையை மெலியச் செய்யும். இவை ஐயத்திற்குரியவையாயின் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புகிறோம். மருந்துகளை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அச்சமும் வலியும்: ஒருமுறை விழுந்தவர் தம் முழு வலிமையைப் பயன்படுத்த அஞ்சுவார். தசைக்கு ஆற்றல் இருந்தும் மனம் தடுக்கும். இவருக்கு எடையைவிடப் பிடித்துக்கொள்ள உறுதியான கம்பியும், அருகில் ஒருவரும் தேவை.

தேக்கத்தைக் கடக்கும் வழிகள்

படியைச் சிறிதாக்குங்கள். ஒரு கிலோ டம்பெல்லிலிருந்து இரண்டு கிலோவுக்குத் தாவுவது சிறு மாற்றமாகத் தோன்றும். உண்மையில் அது சுமையை இருமடங்காக்குகிறது. ஒரே நேரத்தில் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூட்டாமல் இருப்பது பாதுகாப்பு. துணிப் பையில் அரிசியை எடை போட்டு நிரப்பினால் நூறு நூறு கிராமாகக் கூட்டலாம்.

முதலில் எண்ணிக்கை, பிறகு எடை. ஒரு கிலோவை எட்டு முறை தூக்குபவர் அதே எடையில் பத்து, பன்னிரண்டு என்று எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். அடுத்தடுத்த இரண்டு பயிற்சி நாட்களில் பன்னிரண்டு முறை தடையின்றித் தூக்க முடிந்தால் நூறு கிராம் கூட்டி, மீண்டும் எட்டிலிருந்து தொடங்கலாம்.

இறக்குவதை மெதுவாக்குங்கள். எடையைத் தூக்க ஒரு நொடி, இறக்க மூன்று அல்லது நான்கு நொடிகள் எடுத்துக்கொள்ளுங்கள். எடையைக் கூட்டாமலேயே தசைக்கு வேலை கூடும்.

நாற்காலியைப் பயன்படுத்துங்கள். சுவரோடு ஒட்டிய உறுதியான நாற்காலியில் ஜமுக்காளத்தை நான்காக மடித்து இட்டு, கையூன்றாமல் எழுந்து அமருங்கள். எளிதானதும் ஒரு மடிப்பைக் குறையுங்கள். இருக்கை தாழத் தாழத் தொடைக்குச் சுமை கூடுகிறது.

ஒரு வாரம் தளர்த்துங்கள். பல வாரங்கள் தொடர்ந்து உழைத்தும் உடல் களைத்திருந்தால், ஒரு வாரம் பாதி எடையுடன் மட்டும் பயிற்சி செய்து, பிறகு பழைய எடைக்குத் திரும்புங்கள்.

பருத்திப்பட்டு ஏரிப் பூங்காவில் நாள்தோறும் நடப்பவர்கள், "நடக்கிறோமே, எடை எதற்கு?" என்று கேட்பதுண்டு. நடை இதயத்துக்கும் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கும் நல்லது. அதை விட வேண்டாம். எனினும் உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், நடை போன்ற பயிற்சிகளோடு வாரத்தில் இரண்டு நாட்களேனும் தசை வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது.

அளந்து பாருங்கள்

தூக்கும் எடை ஒன்றே அளவுகோல் அன்று. கைகளை மார்பின் குறுக்கே வைத்து, 30 நொடிகளில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை முழுமையாக எழுந்து அமர முடிகிறது என்று எண்ணுங்கள். 70 முதல் 74 வயது வரையுள்ள ஆண்கள் 12 முறைக்கும், பெண்கள் 10 முறைக்கும் குறைவாகச் செய்தால் விழும் வாய்ப்பு கூடுதல் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கருதுகிறது. மணல் பையின் எடை மாறாத மாதத்திலும் இந்த எண்ணிக்கை ஏழிலிருந்து ஒன்பதாகியிருக்கலாம். அதுவும் முன்னேற்றமே.

குடும்பத்தினருக்கு

அம்மா எழ முயலும்போது ஓடிச் சென்று அக்குளில் கை கொடுத்துத் தூக்குவது அன்பின் செயல். ஆனால் நாளொன்றுக்குப் பதினைந்து முறை அவ்வாறு தூக்கினால், அவருடைய தொடைக்குக் கிடைத்திருக்க வேண்டிய பதினைந்து பயிற்சிகளும் நின்றுபோகின்றன. அருகில் நில்லுங்கள், விழாமல் காக்கத் தயாராக இருங்கள், எழுவதற்கு அவருக்கு நேரம் கொடுங்கள். "போதும்மா, உட்காருங்க" என்பதற்குப் பதில், "இன்னும் ஒரு தடவை பார்க்கலாமா?" என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வற்புறுத்த வேண்டாம்.

வயதாகிவிட்டது, இனி என்ன பயன் என்று எண்ணும் குடும்பங்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்கிறோம். அமெரிக்காவில் முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரங்கள் எடைப் பயிற்சி அளித்த ஆய்வு 1990-இல் வெளிவந்தது. பயிற்சியை நிறைவு செய்த ஒன்பது பேரின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. பயிற்சியை நிறுத்திய நான்கு வாரங்களில் அவர்கள் தங்கள் உச்ச வலிமையில் 32 விழுக்காட்டை இழந்தனர். முதுமையிலும் தசை வளர்கிறது. கைவிட்டால் விரைவாகவே குறைகிறது. அந்த ஆய்வின் இரு பாதிகளும் நமக்குரியவை.

உடனே நிறுத்த வேண்டிய நேரங்கள்

மார்பு வலி, தலைச்சுற்றல், படபடப்பு, வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல், மூட்டில் திடீர் வீக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்தி மருத்துவரை அணுகுங்கள். எடை தூக்கும்போது மூச்சை அடக்க வேண்டாம். அது இரத்த அழுத்தத்தைத் திடீரென உயர்த்தும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் பயிற்சிக்கு முன் சர்க்கரை அளவைப் பாருங்கள். இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும், சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களும் தமக்குரிய எடை வரம்பைக் கேட்டறிந்த பின்னரே தொடங்க வேண்டும்.

ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் தேதி, எடை, எண்ணிக்கை, முந்தைய இரவின் உறக்கம், அன்று உண்ட புரத உணவு ஆகியவற்றை எழுதி வாருங்கள். அடுத்த முறை வரும்போது அதை மறவாமல் எடுத்து வாருங்கள். தேக்கம் எந்த வாரத்தில் தொடங்கியது, எதனால் தொடங்கியது என்பதை அந்தப் பக்கங்களைப் பார்த்தே நாம் சேர்ந்து கண்டறியலாம். பயிற்சியை நிறுத்தலாமா என்று தோன்றும் வாரத்தில் எங்களிடம் சொல்லாமல் நிறுத்திவிடாதீர்கள். உங்கள் பயிற்சி அட்டவணையை மாற்றித் தருவதற்கு அதுவே ஏற்ற நேரம்.