கிணற்றுக்குள் ஆயில் இன்ஜின்: விளக்கு எரிந்தாலும் இறங்காதீர்கள்!

கோடையில் கிணற்றுத் தண்ணீர் கீழே போய்விட்டால், ஆயில் இன்ஜினைக் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி இறைப்பது பல ஊர்களில் நடக்கிறது. மேலே இருக்கும் பம்ப், நடைமுறையில் 20 முதல் 23 அடி ஆழத்திலிருந்துதான் தண்ணீரை உறிஞ்சும். அதனால்தான் இன்ஜினைக் கீழே இறக்குகிறோம். உயிருக்கு ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது.

புகையில் என்ன இருக்கிறது?

டீசல், பெட்ரோல், மண்ணெண்ணெய் எதில் ஓடும் இன்ஜினானாலும் அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு வாயு இருக்கும். இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினுடன், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். காற்றோட்டம் இல்லாத கிணற்றில் இது வெளியேறாமல் தங்கிவிடும். இன்ஜினை நிறுத்திய பிறகும் அங்கேயே இருக்கும்.

விளக்குச் சோதனை போதுமா?

போதாது. எரியும் விளக்கைக் கிணற்றில் இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். ஆக்சிஜன் மிகவும் குறைந்தால்தான் விளக்கு அணையும். ஆனால் காற்றில் வெறும் 0.16 சதவீதம் கார்பன் மோனாக்சைடு கலந்தாலே 20 நிமிடத்தில் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் வரும். தொடர்ந்து சுவாசித்தால் ஓரிரு மணி நேரத்தில் உயிரே போகலாம். அந்த அளவில் விளக்கு நன்றாக எரிந்துகொண்டுதான் இருக்கும். கிணற்றில் பெட்ரோல் ஆவி இருந்தால் விளக்கே தீப்பிடிக்கவும் காரணமாகிவிடும்.

என்ன செய்யலாம்?

இன்ஜினும் ஜெனரேட்டரும் எப்போதும் மேலேயே இருக்கட்டும். நீர்மூழ்கி மோட்டாரை மட்டும் கிணற்றுக்குள் இறக்குங்கள். மின்சாரம் இல்லாவிட்டால், மேலே வைத்த ஜெனரேட்டரிலிருந்து அதற்கு மின்சாரம் கொடுக்கலாம். சைலன்சரை எவ்வளவு பழுது பார்த்தாலும் இன்ஜினைக் கிணற்றுக்குள் வைப்பது பாதுகாப்பாகாது.

மோட்டார் அறையில் இன்ஜின் இருந்தால்

மூடிய அறையிலும் இதே புகை தேங்கும். எனவே சீசன் தொடங்கும் முன் இவற்றைச் சரிபாருங்கள்:

* புகைக்குழாய் இணைப்புகளில் கரி படிந்திருந்தால் அங்கே கசிவு இருக்கிறது. தேய்ந்த கேஸ்கட்டை மாற்றுங்கள். துணி சுற்றி ஒப்பேற்றாதீர்கள்.
* ஓட்டை விழுந்த சைலன்சரை மாற்றுங்கள்.
* புகைக்குழாயின் வாய், ஜன்னலை விட்டு விலகி, கூரைக்கு மேல் வெளியே இருக்க வேண்டும்.
* கரும்புகை வந்தால் ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்து, நோசிலை மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.
* இன்ஜின் ஓடும் அறையில் யாரும் படுக்கக் கூடாது.

ஒருவர் மயங்கி விழுந்தால்

காப்பாற்றும் அவசரத்தில் அடுத்தடுத்து இறங்குபவர்களும் இதே வாயுவில் சிக்கி இறக்கிறார்கள். அண்ணன், தம்பியே உள்ளே கிடந்தாலும் குதிக்காதீர்கள். 101-க்கு அழைத்துத் தீயணைப்புத் துறையையும், 108-க்கு அழைத்து ஆம்புலன்ஸையும் வரவழையுங்கள். இடுப்பில் கயிறு கட்டியிருந்தால் மேலிருந்தே இழுத்துவிடலாம். மருத்துவரிடம் ‘இன்ஜின் புகையைச் சுவாசித்தார்’ என்று தவறாமல் சொல்லுங்கள். உடனே ஆக்சிஜன் கொடுக்க அது உதவும்.