வாசலில் அறிவிப்பு ஒட்டப்படும் முன்: வீட்டுக் கடன் தவணை தவறும்போது அறிய வேண்டியவை

நாளிதழ்களின் உட்பக்கங்களில் சிறிய எழுத்தில் அச்சாகும் சுவாதீன அறிவிப்புகளை நம்மில் பெரும்பாலோர் படிப்பதில்லை. கடன்தாரரின் பெயர், உத்தரவாதியின் பெயர், நிலுவைத் தொகை, வீட்டின் நான்கெல்லை என வறண்ட நடையில் அமைந்த அச்சில வரிகளுக்குள் ஒரு குடும்பத்தின் பல்லாண்டு உழைப்பு அடங்கியிருக்கிறது. அந்த அறிவிப்பு இரண்டு முன்னணி நாளிதழ்களில் வெளியிடப்பட வேண்டும் என்பதும், அவற்றுள் ஒன்று வட்டார மொழி நாளிதழாக இருக்க வேண்டும் என்பதும் சட்ட விதி. ஆகவே அது உற்றார் கண்ணிலும் அண்டை வீட்டார் கண்ணிலும் படாமல் போவதில்லை.

அந்த நிலைக்கு எந்தக் கணக்கும் ஒரே நாளில் வந்து சேர்வதில்லை. தவணை தவறிய நாளுக்கும் வீட்டு வாசலில் அறிவிப்பு ஒட்டப்படும் நாளுக்கும் இடையே குறைந்தது ஐந்து மாத காலம் இருக்கிறது. அக்காலத்தில் வாடிக்கையாளருக்குத் திறந்திருக்கும் வழிகள் பல. ஆனால் அவை ஒவ்வொன்றாக அடைபட்டுக்கொண்டே வருபவை. எந்த வழி எப்போது அடைபடுகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் தொண்ணூறு நாட்கள்

தவணை நாள் மார்ச் 31 என்று கொள்வோம். அன்றைய நாள் முடிவில் பணம் வரவில்லையெனில் கணக்கு நிலுவைக்குரியதாகி, 'சிறப்புக் குறிப்புக் கணக்கு' என்னும் வகையின் முதற்படியில் சேர்கிறது. நிலுவை தொடர்ந்தால் ஏப்ரல் 30-இல் இரண்டாம் படிக்கும், மே 30-இல் மூன்றாம் படிக்கும் செல்கிறது. ஜூன் 29 அன்று அது வாராக்கடனாக வகைப்படுத்தப்படுகிறது. இது கிளை மேலாளரின் விருப்பத்தைப் பொறுத்ததன்று. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, நாள் கணக்கை ஒட்டி நடைபெறுவது.

இந்த எல்லைக்கோட்டின் இருபுறமும் நிலைமை வேறு. வாராக்கடன் ஆவதற்கு முன் ஒரு தவணையைச் செலுத்தினாலும் அது நாட்களைப் பெற்றுத் தரும். ஆன பின்போ, வட்டியும் அசலுமாக நிலுவையில் உள்ள தவணைகள் அனைத்தையும் செலுத்தினால்தான் கணக்கு மீண்டும் ஒழுங்கான நிலைக்குத் திரும்பும். 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி இதை ஐயத்துக்கு இடமின்றித் தெளிவுபடுத்தியது. 'இந்த மாதம் ஒன்றைக் கட்டிவிட்டோம்; இனி அச்சமில்லை' என்று எண்ணும் வாடிக்கையாளர் பலர் இவ்விடத்தில்தான் ஏமாற்றம் அடைகின்றனர்.

எந்தக் கடனுக்கு முதலிடம்?

வீட்டுக் கடன் மட்டுமே உடைய குடும்பம் தவணை தவறுவது அரிது. தொல்லை பெரும்பாலும் வேறு கடன்களிலிருந்து தொடங்குகிறது. தனியார் நிறுவனத்தில் பணிபுரியும் ஒருவரை எண்ணிக்கொள்வோம். மருத்துவச் செலவுக்காகத் தனிநபர் கடன் பெற்றார். அதன் தவணைக்காகக் கடன் அட்டையைத் தேய்த்தார். அட்டை நிலுவைக்காக நண்பரிடம் கைமாற்று வாங்கினார். பின்னர் வேலையும் போயிற்று. கையில் எஞ்சிய பணத்தை யாருக்குத் தருவது என்ற கேள்வி எழும்போது, நாள்தோறும் தொலைபேசியில் அழைப்பவருக்கே அவர் முதலில் தருகிறார். அதிகம் அழைக்காத வீட்டுக் கடன் கடைசி இடத்துக்குத் தள்ளப்படுகிறது.

இந்த வரிசை ஆபத்தானது. பிணையற்ற கடன் கொடுத்தவர் தம் பணத்தை மீட்க நீதிமன்றத்தையோ தீர்ப்பாயத்தையோ நாட வேண்டும். வீட்டை அடமானமாகப் பெற்ற வங்கியோ, 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தின்படி, வழக்குத் தொடராமலேயே வீட்டின் மீது நடவடிக்கை எடுக்கலாம். ஏனைய கடன்களைக் கைவிடுமாறு நாங்கள் கூறவில்லை. அவர்களிடமும் பேசிக் கால அவகாசம் கேட்க வேண்டும். எனினும் குடியிருக்கும் வீடு எந்தக் கடனுக்குப் பிணையாக இருக்கிறதோ, அந்தக் கடனே பட்டியலின் தலைப்பில் இருக்க வேண்டும்.

இதற்கு ஒரு முக்கியமான விலக்கு உண்டு. வாராக்கடன் வகைப்பாடு கணக்கைப் பொறுத்ததன்று; கடன்தாரரைப் பொறுத்தது. ஒரே வங்கியில் வீட்டுக் கடனும் தனிநபர் கடனும் உடைய ஒருவர் இரண்டாவதில் 90 நாட்களைக் கடந்துவிட்டால், ஒழுங்காகச் செலுத்தப்பட்டு வரும் வீட்டுக் கடனும் வாராக்கடனாகிவிடும். ஆகவே வீட்டுக் கடன் பெற்ற வங்கியிலேயே உள்ள சிறு கடன்களை அற்பமென ஒதுக்கிவிடலாகாது.

வீட்டுத் தவணை கட்டுவதற்காகக் கந்துவட்டிக்கு வாங்குவதும், கைப்பேசிச் செயலிகளில் உடனடிக் கடன் பெறுவதும் நோயைவிடக் கொடிய மருந்துகள். பல கடன் அட்டைகளின் நிலுவைக்கு மாதம் 3 சதவீதத்துக்கும் கூடுதலான வட்டி விதிக்கப்படுகிறது. அதனினும் நகைக் கடனின் வட்டி வெகுவாகக் குறைவு. வருங்கால வைப்பு நிதியிலிருந்து வீட்டுக் கடனுக்காகப் பணம் பெறவும் விதிகளில் இடமுண்டு. புதுக்கடனைத் தேடுமுன் இவற்றைப் பரிசீலிப்பது நலம்.

தவணையைக் குறைக்க இயலுமா?

வருமானம் குறைந்துள்ளதேயன்றி நின்றுவிடவில்லை எனில், கடன் காலத்தை நீட்டித்துத் தவணையைக் குறைக்குமாறு கோரலாம். 30 லட்சம் ரூபாய், 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டுகள் என்னும் கடனுக்கு மாதத் தவணை 26,035 ரூபாய். வட்டி மாறாதிருந்தால், 5 ஆண்டுகள் கழித்து எஞ்சியிருக்கும் அசல் ஏறத்தாழ 26 லட்சத்து 44 ஆயிரம் ரூபாய். மீதமுள்ள 15 ஆண்டுகளை 20 ஆண்டுகளாக நீட்டித்தால் தவணை ஏறத்தாழ 22,940 ரூபாயாகக் குறையும். மாதம் 3,000 ரூபாய்க்குச் சற்று மேல் மிச்சமாகும். ஆனால் முழுக் காலத்திலும் கூடுதலாகச் செலுத்த வேண்டிய தொகை 8 லட்சம் ரூபாயைத் தாண்டும். நீட்டிப்பு இலவசமன்று. வீட்டைக் காப்பாற்றிக்கொள்ளக் கொடுக்கும் விலை என்று அதைக் கருத வேண்டும். நிலைமை சீரானதும் கூடுதல் தொகை செலுத்திக் காலத்தைச் சுருக்கிக்கொள்ளலாம். தனிநபர் பெற்ற மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைப்பதற்குக் கட்டணம் இல்லை.

கணக்கு ஒழுங்காக இருக்கும்போது கேட்கும் கால நீட்டிப்பும், நிலுவை சேர்ந்தபின் கேட்கும் மறுசீரமைப்பும் ஒன்றல்ல. பின்னது கடன் வரலாற்றில் பதிவாகும். அதற்கான நிபந்தனைகளும் கடுமையானவை.

அறுபது நாள் அறிவிப்பு

கணக்கு வாராக்கடனான பின், சர்ஃபேசி சட்டத்தின் 13(2) பிரிவின்படி முழுக் கடனையும் 60 நாட்களுக்குள் செலுத்தக் கோரும் அறிவிப்பு அனுப்பப்படுகிறது. அதைப் பெற மறுப்பதாலோ, வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் செல்வதாலோ நாட்கள் நின்றுவிடுவதில்லை. வீட்டு வாசலில் ஒட்டுவதும் நாளிதழில் வெளியிடுவதும் சட்டம் ஏற்ற முறைகளே.

இந்த அறிவிப்புக்கு எழுத்துப்பூர்வமாக மறுப்போ விளக்கமோ அளிக்கும் உரிமை கடன்தாரருக்கு உண்டு. அதை ஏற்காவிடில், அதற்கான காரணங்களை வங்கி 15 நாட்களுக்குள் தெரிவித்தாக வேண்டும். கடன்தாரரின் மறுப்பைக் கருத்தில் கொண்டு பதிலளிப்பது வங்கியின் கடமை என்பதை 2004-ஆம் ஆண்டு மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. நிலுவைக் கணக்கில் பிழை, வரவு வைக்கப்படாத தவணை, தவறாக விதிக்கப்பட்ட கட்டணம் ஆகியவற்றைச் சான்றுகளுடன் சுட்டிக்காட்ட உரிய தருணம் இதுவே.

இச்சட்டம் எல்லாக் கடன்களுக்கும் பொருந்துவதில்லை என்பதையும் அறிய வேண்டும். வேளாண் நிலத்தின் மீதான அடமானம், 1 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத நிலுவை, அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் 20 சதவீதத்துக்கும் குறைவான நிலுவை ஆகியவை இதன் வரம்புக்கு அப்பாற்பட்டவை.

தாமே விற்பது தோல்வியன்று

வருமானம் மீளும் வாய்ப்பு இல்லையெனில், ஏலத்துக்குக் காத்திராமல் வீட்டைத் தாமே விற்பது பல குடும்பங்களுக்கு உகந்த வழி. இதைச் சொல்வது எளிதன்று என்பதை நாங்கள் அறிவோம். ஆயினும் உரிமையாளர் தாமே விற்கும் வீட்டை வாங்குபவர் உள்ளே வந்து பார்க்கிறார், பேரம் பேசுகிறார், நியாயமான விலை தருகிறார். ஏலத்தில் விடப்படும் வீட்டுக்கோ கேட்பவர் குறைவு. விலையும் பெரும்பாலும் சந்தை நிலவரத்துக்குக் கீழேயே அமைகிறது. விளம்பரச் செலவும் நடவடிக்கைச் செலவும் கடன்தாரர் கணக்கிலேயே சேர்கின்றன.

60 நாள் அறிவிப்பு வந்தபின் வங்கியின் எழுத்துப்பூர்வ ஒப்புதலின்றி வீட்டை விற்கவோ குத்தகைக்கு விடவோ இயலாது. அதற்கு முன்னரும் மூலப்பத்திரம் வங்கியிடமே இருக்கும். எனவே எந்த நிலையிலும் முதலில் கிளைக்கு வந்து தெரிவிப்பதே முறை. நிலுவைத் தொகைக்கான கடிதமும் ஆவணப் பட்டியலும் பெற்று, வாங்குபவர் தரும் பணத்திலிருந்து கடனை நேரே தீர்த்து, அடமானத்தை விடுவிக்கலாம். கடன் முழுவதும் தீர்ந்த 30 நாட்களுக்குள் மூல ஆவணங்களைத் திருப்பித் தரத் தவறினால், நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வீதம் வங்கி இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் ஆணை.

சுவாதீனமும் ஏலமும்

60 நாட்களுக்குள் தீர்வு ஏற்படாவிடில் வங்கி சுவாதீனம் எடுக்கும். முதலில் எடுப்பது பெரும்பாலும் குறியீட்டுச் சுவாதீனம். வாசலில் அறிவிப்பு ஒட்டப்பட்டு, 7 நாட்களுக்குள் நாளிதழ்களில் வெளியாகும். குடும்பம் வீட்டிலேயே இருக்கும். நேரடிச் சுவாதீனத்துக்கு மாவட்ட ஆட்சியர் அல்லது தலைமைப் பெருநகர நடுவரின் உதவியை வங்கி நாடலாம்.

நடவடிக்கை முறையற்றது என்று கருதும் கடன்தாரர் 45 நாட்களுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். உரிமையியல் நீதிமன்றங்களுக்கு இவ்விவகாரத்தில் அதிகாரம் இல்லை. அங்கே சென்று நாட்களை இழந்தவர்கள் உண்டு.

ஏலத்துக்கு முன் அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளரின் மதிப்பீடு பெறப்பட்டு, குறைந்தபட்ச ஏல விலை நிர்ணயிக்கப்பட வேண்டும். முதன்முறை விற்பனைக்கு 30 நாள் அறிவிப்பு தரப்பட வேண்டும். இவற்றினும் முக்கியமான நாள் ஒன்றுண்டு. முன்னர், விற்பனை நாள் வரை முழு நிலுவையையும் செலுத்தி வீட்டை மீட்க இடமிருந்தது. 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், ஏலத்துக்கான பொது அறிவிப்பு வெளியாவதற்கு முன்பே நிலுவையையும் செலவுகளையும் செலுத்திவிட வேண்டும். 2023-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஏல நாளன்று பணத்துடன் ஓடி வருபவருக்கு இன்று அந்த உரிமை இல்லை.

ஏலத்தில் நிலுவையைவிடக் கூடுதலாகக் கிடைத்தால் மீதித் தொகை உரியவருக்குத் தரப்பட வேண்டும். குறைந்தால், எஞ்சிய தொகைக்காகக் கடன்தாரர் மீதும் உத்தரவாதி மீதும் நடவடிக்கை தொடரலாம். வீடு போனதோடு கடனும் போய்விடும் என்று எண்ணுவது தவறு.

தள்ளுபடியுடன் கூடிய ஒரே தவணைத் தீர்வும் ஒரு வழியே. ஆனால் அதை உரிமையாகக் கோர இயலாது; கடன் வரலாற்றில் அது 'முழுமையாகச் செலுத்தப்பட்டது' என்று பதிவாவதும் இல்லை.

மதிப்புடன் நடத்தப்படும் உரிமை

நிலுவை இருப்பதால் எவரும் மரியாதையை இழந்துவிடுவதில்லை. வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. மிரட்டலும் இழிசொல்லும் கூடா. தாமதத்துக்கு அபராதக் கட்டணம் விதிக்கலாமேயன்றி, அதை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி கணக்கிடக் கூடாது. வங்கிக்கு அளித்த புகாருக்கு 30 நாட்களுக்குள் பதில் வராவிடிலும், வந்த பதில் நிறைவளிக்காவிடிலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். கட்டணம் ஏதும் இல்லை.

கிளைக்கு வரும்போது

வங்கி கடனாகத் தருவது வைப்பாளர்களின் பணம்; அதை மீட்பது எங்கள் கடமை. ஆனால் வீட்டை ஏலம் விடுவதால் எங்களுக்கு ஆதாயம் ஏதுமில்லை. ஒழுங்காகத் தவணை வரும் கணக்கே எங்களுக்கும் வேண்டியது.

வேலை போயிற்று, தொழில் முடங்கிற்று, குடும்பத்தில் சம்பாதித்தவர் மறைந்தார் என்றால், அடுத்த தவணை நாளுக்கு முன்பே கிளைக்கு வாருங்கள். கடந்த ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம், வருமானக் குறைவுக்கான சான்று, எல்லாக் கடன்களையும் குறித்த பட்டியல், மாதம் உறுதியாகச் செலுத்த இயலும் தொகை ஆகியவற்றுடன் வருவது பயனுள்ளது. கடனுடன் காப்பீடு எடுத்திருந்தால் அந்தப் பத்திரத்தையும் எடுத்து வாருங்கள். சம்பாதித்தவரை இழந்த குடும்பத்துக்குக் கடனையே தீர்க்கும் காப்பீடு, அறியப்படாமல் பெட்டிக்குள் கிடப்பதுண்டு. கோரிக்கையை எழுத்தில் தந்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

கடனில் இணைந்து கையொப்பமிட்ட மனைவி அல்லது கணவரையும் உத்தரவாதியையும் உடன் அழைத்து வருவது இன்னும் நல்லது. அறிவிப்பு அவர்கள் பெயருக்கும் வரும். அஞ்சல்காரர் சொல்லி அவர்கள் அறிவதைவிடத் தாங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுவது மேல்.